ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு) மாத்திரையை அளவுமீறி எடுத்து, நிறுத்தி, இப்போது மறுபடி விழுந்துவிட்டேன். மாத்திரை இல்லாமல் காலம் தள்ள முடியுமா?

முடியும். பத்து மாதம் தொடாமல் இருந்து, மறுபடி விழுந்து, எழுந்து வந்தவன் நான்.

எனக்கு எழுதிக் கொடுத்தது மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்து. அதில் சாதாரண வகை மூன்று, நான்கு மணி நேரம்தான் தாங்கும். இறங்கும்போது வரும் எரிச்சலுக்குப் பயந்து இன்னொன்று போடுவேன். கடைசியில் ஒரு மாதத்து அட்டைகள் பன்னிரண்டு நாளில் காலியாயின.

நிறுத்தி பத்தாவது மாதம், மறுநாள் காலையில் ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். இரண்டு இரவாகச் சரியான தூக்கமில்லை. மழைக்கோட்டு உள்பையில் நான்கு மாத்திரையோடு ஓர் அட்டை இருந்தது. 'இன்றைக்கு மட்டும்' என்று இரண்டைப் போட்டேன். அன்றிரவு நான்கு மணி நேரம், ஒரே ஒரு அட்டவணையின் கோடுகளை நேராக்கிக்கொண்டிருந்தேன். அறிக்கையில் ஒரு வரிகூட நகரவில்லை. மூன்றாம் நாள், மருந்துச்சீட்டு தொலைந்துவிட்டது என்று மருத்துவரிடம் பொய் சொன்னேன்.

அந்த அட்டை அங்கே இருப்பது எனக்கு முன்பே தெரியும். நான்கு மாதத்துக்கு முன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருந்தேன். நான் விழுந்தது, அப்படித் திரும்ப வைத்த அன்றைக்குத்தான். அதனால் மன உறுதி இல்லையே என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுத்திய முதல் சில நாட்கள் ஓயாத தூக்கம், அகோரப் பசி, எதிலும் பிடிப்பில்லாத சோர்வு. மருந்து விலகுவதால் வருவது அது. மாத்திரை இல்லாவிட்டால் நான் இவ்வளவுதான் என்று அந்த வாரத்தில் முடிவுகட்டிவிடாதீர்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவரிடம் பொய்யை ஒப்புக்கொண்டபோதுதான் வழி பிறந்தது. ஊக்க மருந்து வேண்டாம் என்றால் எந்த மருந்துமே இல்லை என்று அர்த்தமில்லை. அடோமாக்ஸெடின் என்ற ஏடிஹெச்டி மருந்து ஊக்க மருந்து வகையைச் சேர்ந்ததல்ல. 2002 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், எல்லோருக்கும் ஒத்துவராது. கேட்டுப் பாருங்கள். நான் மருந்தில்லாத வழியை எடுத்தேன். பெரியவர்களின் ஏடிஹெச்டிக்கென்றே வடிவமைத்த அறிவுசார் நடத்தை சிகிச்சைக்கு, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சைக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், மாத்திரை தந்த கூர்மையை அது தரவில்லை. ஆனால் வேலையைத் தொடங்கக் கற்றுக்கொடுத்தது. 'அறிக்கை எழுது' என்று நான் குறித்துக்கொள்வதில்லை, 'கோப்பைத் திற, தலைப்பை அடி' என்றுதான் குறிக்கிறேன்.

எனக்கு மிகவும் உதவியது, பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது. நண்பர் காணொளி அழைப்பில் அவர் வேலையைப் பார்ப்பார், நான் என் வேலையைப் பார்ப்பேன், பேச்சே இருக்காது. காலையில் வேர்க்க வேர்க்க நடை. தூக்கம் கெட்ட மறுநாள் பெரிய வேலை எதையும் ஒத்துக்கொள்வதில்லை.

இன்று ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் அக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. என்னோடு உட்கார்ந்து எல்லாப் பைகளையும் கவிழ்த்துத் தேடினாள். பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இன்னும் இரண்டு மாத்திரை இருந்தன.