சரிவில் ஏறிய கட்டை

அன்புள்ள சார்,

நான் முதலாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். இயந்திரவியலில் ஒரு கணக்கு. 30 டிகிரி சாய்தளத்தில் 2 கிலோ கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுக்கிறோம். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7. முடுக்கம் என்ன? எனக்கு மைனஸ் 1.04 வருகிறது. புத்தகத்தில் பூஜ்ஜியம் என்று இருக்கிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தும் எங்கே குறி மாறியது என்று பிடிபடவில்லை. "விசைக்குப் பதில் ஆற்றலை வைத்துப் போடும் லக்ராஞ்சியன் முறையைப் படி, விசையும் வேண்டாம் படமும் வேண்டாம்" என்கிறார்கள் சீனியர்கள். நேராக அதற்கே போய்விடலாமா? எந்தப் புத்தகம் வாங்கலாம்? பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அதனால் சிரமம் வருமா?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ அது போதும். தமிழ் மீடியத்தால் ஒன்றும் ஆகாது, கலைச்சொற்கள் இரண்டு மாதத்தில் பழகிவிடும். எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்த விஷயம் உங்கள் மைனஸ் 1.04-இல் இருக்கிறது.

அந்த விடை என்ன சொல்கிறது என்று பார்த்தீர்களா? கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாக எடுத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் கட்டை சரிவில் மேலே ஏறுகிறது. யாரும் தள்ளவில்லை, கயிறு கட்டி இழுக்கவும் இல்லை. வைத்துவிட்டுக் கையை எடுத்த மரக்கட்டை தானாக மேலே ஏறுகிறது! மூன்று தடவை கூட்டிக் கழித்த நேரத்தில் ஒரு தடவை இதை யோசித்திருக்கலாம். குறி எங்கும் மாறவில்லை. கால்குலேட்டரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. எடையின் சரிவுக்கூறு 2 × 9.8 × சைன் 30, அதாவது 9.8 நியூட்டன். தளம் தனக்குச் செங்குத்தாகக் கட்டையைத் தாங்கும் விசை, அதாவது செங்குத்து விசை, 2 × 9.8 × காஸ் 30, அதாவது 16.97. அதை 0.7-ஆல் பெருக்கி 11.88 என்று உராய்வை எழுதிவிட்டீர்கள். 9.8-இல் 11.88 போனால் மைனஸ் 2.08, அதை 2 கிலோவால் வகுத்தால் மைனஸ் 1.04. தவறு ஒரே இடத்தில்தான். 11.88 என்பது அந்தத் தளம் கொடுக்கக்கூடிய அதிகபட்ச உராய்வு. கடையில் கையிருப்பு 11.88 இருக்கிறது என்பதற்காக 9.8 கேட்டவருக்கு முழுவதையும் அள்ளிக் கொடுப்பார்களா? கட்டைக்கு வேண்டியது 9.8, அதுதான் கிடைக்கும்.

ஆக, ஓய்வுநிலை உராய்வுக்கு உள்ளது ஒரு வரம்பு மட்டும்: மியூ (உராய்வுக் குணகம்) பெருக்கல் செங்குத்து விசையைத் தாண்டாது. அந்த வரம்புக்குள் அதன் மதிப்பை நியூட்டனின் இரண்டாம் விதியை வைத்து நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் 'நழுவவில்லை' என்று வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு உராய்வு தேவை என்று கணக்கிடுங்கள். பிறகு வரம்போடு ஒப்பிடுங்கள். தேவை வரம்புக்குள் இருந்தால் கணக்கு முடிந்தது. மீறினால் நழுவுகிறது என்று பொருள். அப்போதுதான் நழுவும் பொருளுக்கான இயக்க உராய்வுக் குணகத்தை எடுத்துச் செங்குத்து விசையோடு பெருக்க வேண்டும். நியூட்டன் விதிகளைப் போல இந்த உராய்வு விதியை அடிப்படை விதியாக நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சு அறிஞர்களான அமோன்டோன் 1699-இலும் கூலும்ப் 1785-இலும் பரப்புகளை உரசிப் பார்த்து எழுதிவைத்த அனுபவ விதி இது.

பரீட்சை அட்டையில் ஒரு தீப்பெட்டியை வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அது நழுவத் தொடங்கும் கணத்தில் அட்டை நுனியின் உயரத்தைத் தரையில் அதன் அடித்தூரத்தால் வகுத்தால் மியூ கிடைக்கும். ரப்பரை வைக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும். கை நடுங்கினால் முன்கூட்டியே நழுவிவிடும். ஐந்தாறு தடவை செய்து சராசரி எடுங்கள். குணகம் 0.7 என்றால் 35 டிகிரியில்தான் நழுவும். உங்கள் கட்டை 30-இல் இருக்கிறது.

இன்னொரு தொல்லை, 'உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும்' என்ற மனப்பாட வரி. அதை அடித்துவிடுங்கள். லாரித் தளத்தில் 50 கிலோ அரிசி மூட்டை இருக்கிறது, லாரி 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்புகிறது. மூட்டையை மட்டும் தனியாக வரையுங்கள். தனித்த பொருள் விசைப்படம் என்று பாடத்தில் வருவது இதுதான். மூட்டையைத் தொடுவது எது? லாரித் தளம் ஒன்றுதான். தொடாமல் இழுப்பது பூமி. வேறு எதுவும் கிடையாது. எஞ்சினை மூட்டையின் படத்தில் வரைபவர்கள் இருக்கிறார்கள், எஞ்சின் மூட்டையைத் தொடவே இல்லை! ஆகவே மூட்டையை முன்னால் கொண்டுபோகும் 100 நியூட்டனைத் தருவது உராய்வு, அதுவும் முன்னோக்கி. குணகம் 0.4 என்றால் வரம்பு 196, ஆனாலும் உராய்வு 100தான்.

லாரி 5 மீ/வி² முடுக்கத்தில் பாய்ந்தால் 250 தேவை. அவ்வளவு கிடைக்காது, மூட்டை நழுவும். இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். மூட்டையின் முடுக்கம் 2.94, அப்போதும் முன்னோக்கித்தான். சாலையோரம் நிற்பவருக்கு மூட்டை முன்னால்தான் போகிறது. லாரியில் இருப்பவருக்கு அது 2.06 மீ/வி² முடுக்கத்தில் பின்னால் சறுக்குகிறது. பின்கதவு 4 மீட்டர் தள்ளி இருந்தால் ஏறக்குறைய 2 விநாடியில் அதில் போய் இடிக்கும். உராய்வு எதிர்ப்பது இரண்டு பரப்புகளுக்கு இடையிலான நழுவலை. மூட்டை போகும் திசையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

லக்ராஞ்சியன் கேட்டீர்கள் அல்லவா, மறந்தே போனேன். லக்ராஞ்ச் 1788-இல் வெளியிட்ட இயந்திரவியல் நூலின் முன்னுரையில், இதில் படங்களே இருக்காது என்று பெருமையாகச் சொன்னவர்தான். ஆனால் அவர் முறையின் அழகே செங்குத்து விசை, கயிற்றின் இழுவிசை போன்ற கட்டுப்பாட்டு விசைகளைச் சமன்பாட்டிலிருந்து காணாமல் ஆக்குவதில் இருக்கிறது. உராய்வின் வரம்புக்கோ அந்தச் செங்குத்து விசைதான் வேண்டும்! அதைத் திரும்பக் கொண்டுவர 'பெருக்கிகள்' என்று தனி ஏற்பாடு உண்டு. அதற்குப் பிறகும் நழுவுமா நழுவாதா என்பதை நீங்களேதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஊசலின் நுனியில் இன்னோர் ஊசல் தொங்கும் இரட்டை ஊசல் கணக்கு வரும்போது லக்ராஞ்சியனின் அருமை தெரியும். அதுவரை சீனியர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அவர்களும் இந்தக் கட்டையை மேலே ஏற்றியவர்களாகத்தான் இருப்பார்கள்.

இப்போது அதே லாரி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் பிரேக் போடுகிறார், வேகம் விநாடிக்கு 3 மீ/வி வீதம் குறைகிறது. மூட்டையின் மேல் உராய்வு எந்தத் திசையில், எத்தனை நியூட்டன்? விடையோடு படத்தையும் அனுப்புங்கள். 196 என்று வந்தால் அனுப்ப வேண்டாம், தீப்பெட்டியை எடுங்கள்.