உழைப்பும் ஒழுங்கும் பணியில் உயர்வைத் தருமா?

‘ஐந்து ஆண்டுகளாகக் கடினமாக உழைக்கிறேன், பதவி உயர்வு வரவில்லை. உழைப்பும் ஒழுங்கும் ஒருவரை உண்மையிலேயே உயர்த்துமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்த்தும் என்பதே என் பதில். ஆனால் அவ்விரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் வரை எனக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

நான் கணக்குத் துறையில் 22 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். முதல் நிறுவனத்தில் இருந்த முதல் நான்கு ஆண்டுகளில் என்னைவிட அதிக நேரம் அலுவலகத்தில் இருந்தவர் எவருமில்லை. எங்கள் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் ஒத்துவராத மாதங்களில், வித்தியாசத் தொகையை, காரணம் தெரியும் வரை தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அந்தப் ‘பிறகு’ என்பது மூன்று மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்கும்போதுதான் வரும். அப்போது இரண்டு இரவுகள் கண்விழித்து, பழைய சான்றுச்சீட்டுகளைக் கிளறி, ஒவ்வொரு தொகையாகத் தீர்ப்பேன். அதைத்தான் கடின உழைப்பு என்று நம்பினேன். நானே போட்ட முடிச்சை நானே அவிழ்த்துவிட்டு அதற்குப் பாராட்டும் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது வெகுகாலம் கழித்தே புரிந்தது.

நான்காம் ஆண்டில், மாலை ஆறு மணிக்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடும் சக ஊழியர் ஒருவருக்கு உயர்வு கிடைத்தது. மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “உங்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் இருப்பாய்வு (மாத முடிவில் எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் பட்டியல்) என் மேசைக்கு எந்தத் தேதியில் வரும் என்று எனக்குத் தெரியாது. அவருடையது மூன்றாம் தேதி வந்துவிடும்; வராது என்றால் அதை முதல் தேதியே சொல்லிவிடுவார்” என்றார். அன்று எனக்கு வலித்தது. இருந்தாலும் பதவி உயர்வு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. செய்து முடித்த வேலைக்கு உரியது சம்பளம். பதவி உயர்வோ இனிச் செய்யப்போகும் வேலையை நம்பிக் கொடுக்கப்படுவது. ஒருவர் அடுத்த மாதம் எப்படி நடந்துகொள்வார் என்பதை மற்றவர்கள் ஊகிக்க முடிந்தால்தான் அந்த நம்பிக்கை பிறக்கும்; அப்படி ஊகிக்க இடம் கொடுப்பது ஒழுங்கு மட்டுமே.

ஒழுங்கோடு நாம் சேர்த்துச் சொல்லும் ஒழுக்கம் என்ற சொல்லே ஒழுகுதல் என்பதிலிருந்து வந்தது. நீர் ஒழுகுவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். ஒரு நாள் பெருக்கெடுத்து ஒன்பது நாள் வற்றிக் கிடப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. என் உழைப்பு அப்படித்தான் இருந்தது.

அதன்பின் நான் மாற்றிக்கொண்டவை மிகச் சிறியவை. ஒவ்வொரு நாளும் காலையில் முதல் நாற்பது நிமிடங்களில் முந்தைய நாளின் வங்கிப் பதிவுகளைச் சரிபார்த்தேன். அனாமத்துக் கணக்கில் ஒரு தொகையைப் போட நேர்ந்தால், அதன் காரணத்தையும் அதைத் தீர்க்கும் தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். காப்பாற்ற முடியாத தேதியை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவுசெய்தேன். மூன்றிலும் கடினமானது இதுதான், ஏனெனில் கேட்பவரின் முகம் மலரட்டும் என்று நாளையே தருகிறேன் என்று சொல்லிவிடும் பழக்கம் எனக்கு ஊறிப்போயிருந்தது. சில மாதங்களில் தணிக்கையாளர்கள் மேலாளரை விட்டு நேராக என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். துணை மேலாளர் பதவி அதற்கு ஓராண்டுக்குப் பின்புதான் வந்தது. பொறுப்பு முன்னே வரும், பெயர்ப்பலகை பின்னே வரும். இந்த இடைவெளியில்தான் பலர் மனம் வெறுத்துவிடுகிறார்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பதிவான வேலை நேரத்தையும் உற்பத்தியையும் பொருளியலாளர் ஜான் பென்கவெல் 2014-இல் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணி நேரத்தைத் தாண்டியபின் கூடுதல் நேரத்துக்கு ஏற்ற அளவில் உற்பத்தி கூடவில்லை என்பதும், 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தி 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தியைவிட அதிகமாக இல்லை என்பதும் அதில் தெரிந்தது. கையால் செய்யும் வேலைக்கே இந்த நிலை என்றால், ஒரு பூஜ்யம் இடம் மாறினாலும் கெட்டுப்போகும் என் வேலையில் இரவு பத்து மணிக்குச் செய்தவற்றில் பாதியை மறுநாள் நானே திருத்தியிருக்கிறேன் என்பதில் வியப்பில்லை.

பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் பத்தாயிரம் மணி நேரம் என்ற கணக்கை அடிக்கடி சொல்வார்கள். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது அந்த எண். மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த தனிப் பயிற்சியின் சராசரிதான் அது. அந்த எல்லையைத் தொட்டவர் எல்லாரும் மேதையாகிவிடுவார் என்று அவர்கள் சொல்லவில்லை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. சிறந்தவர்கள் வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம் தனியாகப் பயின்றார்கள். இசை ஆசிரியராகப் போகவிருந்தவர்கள் சுமார் 9 மணி நேரம். ஆனால் அந்த 24 மணி நேரத்தை இடைவெளி விட்டுப் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஆசிரியராகப் போகவிருந்தவர்களைவிட அதிகமாகவே தூங்கவும் செய்தார்கள். தமக்கு வராத பகுதியை எடுத்துக்கொண்டு அதிலேயே நின்று பழகுவதைத்தான் எரிக்சன் பயிற்சி என்றார். நன்றாக வருவதையே நாள்தோறும் செய்துகொண்டிருப்பது அந்தக் கணக்கில் சேராது.

இதெல்லாம் இருந்தும் வாய்ப்பு திறக்க வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். மின்சார ஆய்வுகளால் புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் தொழிலைப் பயில ஏழு ஆண்டுகள் ஒரு கடையில் இருந்தவர். 1812-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படங்களுடன் செம்மையாக எழுதி, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். காலியிடம் இல்லை என்பதே முதலில் கிடைத்த பதில். சில வாரங்களில் அங்கிருந்த ஆய்வக உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதற்காக நீக்கப்பட, 1813 மார்ச்சில் ஃபாரடே அந்த இடத்துக்கு வந்தார். 1825-இல் அதே ஆய்வகத்தின் இயக்குநரானார். அந்தச் சண்டை அதிர்ஷ்டம்தான். ஆனால் இடம் காலியானபோது டேவிக்கு நினைவுவந்த பெயர் அவருடையதாக இருந்ததற்கு அந்தக் கட்டிய புத்தகம் காரணம். உழைப்பு பிறர் கண்ணில் படும் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தற்பெருமை என்று நினைத்து ஒதுங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிற்காலத்திலும் ஃபாரடே அதே ஒழுங்கோடு தம் ஆய்வுக் குறிப்புகளைப் பத்தி பத்தியாக எண்ணிட்டு எழுதினார். அந்த எண்கள் 16,000-ஐத் தாண்டின.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போதைய வேலையில் சிறந்தவர் அடுத்த நாற்காலியிலும் சிறப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தகுதி தீரும் படி வரை ஒருவர் ஏறிக்கொண்டே போய் அங்கேயே தங்கிவிடுவார் என்று 1969-இல் கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர் பாதி நகைச்சுவையாகச் சொன்னதை, ஆய்வாளர்கள் ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ ஆகியோர் விற்பனைப் பணியாளர்களின் தரவுகளைக் கொண்டு 2019-இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கே உயர்வு எளிதில் கிடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கீழே வந்தவர்களின் விற்பனை குறைந்தது. பிறரோடு சேர்ந்து விற்ற அனுபவம் இருந்தவர்கள் நல்ல மேலாளர்களாக இருந்தார்கள். ஆகவே உங்கள் ஒழுங்கில் ஒரு பங்கு அடுத்த பதவிக்கு வேண்டியதைப் பழகுவதாக இருக்கட்டும். நான் என் மாத இறுதி வேலை முழுவதையும் படிப்படியாக எழுதி இளையவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தேன். என் தேவை குறைந்துவிடுமோ என்று அஞ்சியபடியேதான் அதைச் செய்தேன். நடந்தது வேறு: என்னை மேலே அனுப்பினால் கீழே பள்ளம் விழாது என்று தெரிந்தபின்தான் மேலாளர் என் பெயரைப் பரிந்துரைத்தார்.

நீங்கள் இதையெல்லாம் செய்துகொண்டிருப்பவராகவே இருக்கலாம். அப்படியானால், அடுத்த பதவிக்கு என்னிடம் எது குறைகிறது என்று மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். குறிப்பிட்ட ஒன்றைச் சொன்னால் ஓராண்டு முயன்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் வந்தால் அங்கே உங்கள் உழைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, இடம் மாறுங்கள். என் இரண்டாவது நிறுவனத்தில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று, மூன்றாம் ஆண்டில் விலகினேன். அடுத்த நேர்காணலில் மாதக் கணக்கை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மூன்றாம் தேதி என்றேன். முடியாத மாதத்தில் முதல் தேதியே சொல்லிவிடுவேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.