அரிசியில் இரும்பையும் துத்தநாகத்தையும் கூட்ட இத்தனை வருடமா? நெல் ஆய்வகங்களில் உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?

கேள்வியின் இரண்டாவது பாதி சுருக்கென்று குத்தியது. அப்படி ஒரு ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அரிசியை அமிலத்தில் கரைத்து, கருவியில் ஏற்றி, வரும் எண்ணை எழுதிக் கொடுக்கும் வேலை. விஞ்ஞானி இல்லை. ‘நீ யார் சொல்ல?’ என்று வரப்போகிறவர்கள் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

வீட்டில் யாருக்கோ ரத்தசோகை, அந்த எரிச்சலில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆலையில் சத்து சேர்த்துக் கலக்கும் செறிவூட்டிய அரிசி வேறு, கதிரிலேயே சத்தைக் கூட்டும் ரகம் வேறு. உங்கள் கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

நெல்மணியில் இரும்பு பெரும்பாலும் மேல்தோலில் இருக்கிறது. அரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். வழக்கமான ரகங்களில் மிஞ்சுவது கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவுதான். துத்தநாகம் அப்படியில்லை, மணியின் உள்ளேயும் பரவியிருக்கிறது. அதனால்தான் சாதாரண ஒட்டுக் கட்டுதலில், அதாவது ஒரு ரகத்தை இன்னொன்றோடு மகரந்தம் சேர்த்துக் கலப்பதில், துத்தநாகம் முந்திக்கொண்டது. வங்கதேசம் 2013இல் ‘பிரி தான் 62’ என்ற துத்தநாக ரகத்தை வெளியிட்டது. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘டிஆர்ஆர் தான் 45’ ரகத்தில், தீட்டிய பிறகும் கிலோவுக்கு 22 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் உண்டு; மற்ற ரகங்களில் பொதுவாக 12 முதல் 16. இரும்பில் 15 மில்லிகிராமை வயலில் எட்டியதாக 2016இல் முடிவு வந்தது. ஆனால் அது சோயாவில் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்தின் மரபணுவைச் செலுத்திய நெல். அதற்கு அனுமதி வாங்குவது தனிக் கதை.

இப்போது என் கதை. ஒருமுறை ஒரு கல்ச்சரில், அதாவது ரகமாக வெளியிடுமுன் சோதனையில் இருக்கும் நெல்லில், இரும்பு அளவு எகிறியது. திட்டத்தில் எல்லோருக்கும் கொண்டாட்டம், கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் அதே மாதிரியின் அலுமினியம் எண்ணைப் பார்த்தேன். அதுவும் எகிறியிருந்தது. மண்ணில் அலுமினியம் ஏராளம், அரிசிக்குள் மிகச் சொற்பம். ஆக, நாங்கள் அளந்தது நெல்லை அல்ல, புழுதியை. சொன்னபோது ஒருவரும் ரசிக்கவில்லை. மணிகளைக் கழுவி, இரும்பு படாத அரவையில் தீட்டி மறுபடி அளந்தால், பக்கத்துப் பாத்தி ரகங்களின் அளவுதான் வந்தது. அந்தக் கல்ச்சரை அங்கேயே கழித்துக்கட்டினோம். இல்லாத சத்துக்காக அதைப் பல தலைமுறை ஒட்டுக் கட்டிக்கொண்டிருக்காமல் காப்பாற்றியது அந்த ஒரு எண். பெருமையடிக்கிறேன் என்றால், ஆமாம், அடிக்கிறேன்.

பிறகு வந்த கட்டுரையில் ‘மாசுக் கட்டுப்பாடு கவனமாகப் பின்பற்றப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. என் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. தற்காலிகப் பணியாளருக்குப் பெயர் கிடையாதாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதத்தில் மட்டும் எல்லோருக்கும் நம் பெயர் ஞாபகம் வந்துவிடும், அதுவும் கையெழுத்துக்காக. சரி, இதை நீங்கள் கேட்கவில்லை.

வருடங்கள் ஏன் ஆகின்றன என்றால், ஒட்டுக் கட்டியபின் குணம் நிலைக்கவே ஆறேழு தலைமுறை வேண்டும். நிலைத்த ரகமும் துத்தநாகம் குறைந்த மண்ணில் ஒரு எண்ணும் வளமான மண்ணில் வேறு எண்ணும் காட்டும். அதனால் பல இடங்களில் விதைத்துப் பார்க்க வேண்டும். விளைச்சல் குறைந்தால் எந்த விவசாயியும் தொடமாட்டார், அதில் தவறும் இல்லை.

‘தீட்டாமல் சாப்பிட்டால் தீர்ந்ததே’ என்று கீழே ஒருவர் நிச்சயம் எழுதுவார். அய்யா, இரும்பு இருக்கும் அதே தவிட்டில்தான் ஃபைட்டிக் அமிலமும் இருக்கிறது. இரும்பு, துத்தநாகம் இரண்டையும் அது குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். தவிட்டோடு சாப்பிட்டால் கருவியில் எண் கூடும், உடம்பில் அதே கணக்கில் சேராது.