எட்டுத் தறியும் ஐந்து செட்டும்

வணக்கம் அண்ணா,

சோமனூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறார். நான் டெக்ஸ்டைல் படித்துவிட்டு இரண்டு வருஷமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் நுழைவுத் தேர்வை 2024 நவம்பரில் எழுதினேன். மொத்தம் 84 பெர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 84 பேர் எனக்குப் பின்னால். கணக்கில் 91, இங்கிலீஷில் 81, அட்டவணையும் புதிரும் வருகிற டி.ஐ.எல்.ஆரில் 58. அதில் ஒரே தகவலை வைத்து நாலைந்து கேள்வி கேட்கிற செட் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் முடியவில்லை. எந்த ஐ.ஐ.எம்மிலிருந்தும் அழைப்பு இல்லை. வேலையை விட்டுவிட்டு முழுசாகப் படித்து மறுபடி எழுதலாமா? அப்பா, "ஒருக்கா எழுதியாச்சில்ல சாமி, டான்செட் எழுதிக் கோயமுத்தூர்லயே சேர்ந்துக்க" என்கிறார் (டான்செட் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர்வதற்கான தேர்வு). இரண்டாம் தடவை என்றால் இன்டர்வியூவில் மட்டமாக நினைப்பார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கேட் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். மார்க் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், நீங்கள் எழுதியது 2025 டிசம்பரோடு காலாவதி. அடுத்த வருஷம் பட்டியல் போடுகிறவர்கள் அடுத்த மார்க்கைத்தான் பார்ப்பார்கள். யாராவது கேட்டால் "ஆமாங்க, ரெண்டாம் தடவை" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

மறுபடி எழுதலாமா என்பதும் பெரிய விஷயமில்லை. 2024-இல் பொதுப் பிரிவுக்கு ஃபீஸ் 2,500 ரூபாய், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னைப் பயமுறுத்தியது "வேலையை விட்டுவிட்டு" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அம்மணி.

நான் அப்படி விட்டவன். கேட்டைக் காகிதத்தில் பென்சிலால் வட்டம் நிரப்பி எழுதிய காலம் (கம்ப்யூட்டருக்கு மாறியது 2009-இல்). ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறை ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதல் தடவை ஊற்றிக்கொண்டது, ரோசம் வந்து வேலையை உதறிவிட்டுக் கோவை காந்திபுரத்தில் ரூம் எடுத்தேன். முதல் மாசம் பேய் மாதிரிப் படிப்பு. மூன்றாம் மாசம் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் நாலரைக்குத்தான் எழுந்தேன். ஊரில் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் ரசம் ஊற்றுகிறவர்கூட "தம்பி இப்ப என்னுங்க பண்றீங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவார். கடைசியில் போன தடவையைவிட இரண்டு பெர்சன்டைல் குறைவு. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கையில் இருந்தும், முதல் தடவை எங்கே விழுந்தேன் என்று ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. அதே தப்பை நிறையத் தடவை செய்து நன்றாகப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் எங்கே விழுந்தீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கணக்கில் 91 எடுத்தவருக்கு டி.ஐ.எல்.ஆரில் 58 என்றால் அது மூளைக் குறை இல்லை. 40 நிமிஷம், ஐந்து செட், 22 கேள்வி. நேரம் முடிந்தால் அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடும், திரும்பி வர முடியாது. அங்கே ஐந்து செட்டையும் போட்டுத்தான் ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் ஐந்து ஆறு நிமிஷம் எதை விடலாம் என்று பார்ப்பதற்குத்தான். துணி கைக்கு வரவில்லை, பிரிண்ட் அப்ரூவல் ஆகவில்லை, பையர் மட்டும் ஷிப்மென்ட் தேதி கேட்டு மெயில் மேல் மெயில் போடுகிறான், அப்போது "இந்தத் தேதிக்கு ஆகாதுங்க" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்கிறீர்கள் அல்லவா? அதே வேலைதான். பரீட்சை ஹாலில் மட்டும் எல்லா ஆர்டரையும் வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள்.

2024-இல் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 84 என்றால் உங்களுக்கு முன்னால் ஏறக்குறைய 47 ஆயிரம் பேர், 95 என்றால் 15 ஆயிரத்துக்கும் குறைவு. முப்பதாயிரம் சொச்சம் பேரைத் தாண்டுவது என்று கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது, சரியான விடைக்கு மூன்று மார்க், இரண்டு மூன்று விடை கூடினாலே ஆயிரக்கணக்கில் ஆட்கள் பின்னால் போவார்கள். அதுவும் ஐ.ஐ.எம்.கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் கட்-ஆஃப் வைப்பதால், அந்த 58-ஐச் சரிசெய்யாமல் கணக்கை 91-லிருந்து 96-க்குக் கொண்டுபோய் ஒரு பிரயோசனமும் இல்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். கேள்வியும் நீங்கள் குறித்த விடையும் இருக்கிற ரெஸ்பான்ஸ் ஷீட்டை இறக்கி வைத்திருப்பீர்கள், அதே ஐந்து செட்டையும் கடிகாரம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். மூன்று செட்டாவது சுத்தமாக வந்தால் கட்டாயம் மறுபடி எழுதுங்கள், ஆகஸ்டில் விண்ணப்பம், நவம்பர் கடைசி ஞாயிறு வாக்கில் பரீட்சை, வேலையில் இருந்துகொண்டே தயாராக அந்த நாள் தாராளம். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் ஒன்றிரண்டுக்கு மேல் வரவில்லை என்றால் இந்த வருஷத்துக்கு அப்பா சொல்வதுதான் சரி. இரண்டில் எதுவானாலும் டான்செட்டை எழுதி வையுங்கள். கோவையில் எம்.பி.ஏ. படிப்பது தோற்றவர்கள் போகிற வழி என்று நினைக்கிற பழக்கம் எங்கள் கூட்டாளிகளுக்கும் இருந்தது. இத்தனைக்கும் அன்றைக்குத் திருச்சியில் ஐ.ஐ.எம். கிடையாது, அது 2011-இல் வந்தது. எங்களுக்குப் பக்கம் என்றால் பாலக்காட்டைத் தாண்டிக் கோழிக்கோடு, இல்லாவிட்டால் பெங்களூர்.

வேலையை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பல ஐ.ஐ.எம்.களில் அனுபவத்துக்கென்று தனி மார்க் உண்டு. அது போக, நூல் விலை ஏறும்போது ஒரு டி-ஷர்ட் காஸ்டிங் எப்படித் தடுமாறும் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு நீங்கள் சொல்லித்தர முடியும். காந்திபுரம் ரூமில் எட்டு மாசம் உட்கார்ந்தவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, எனக்கு இருக்கவில்லை.

அந்த ஐந்து செட்டையும் போட்டுவிட்டு எத்தனை வந்தது என்று எழுதுங்கள். அதற்கப்புறம் அப்பாவிடம் பேசுங்கள், கரண்ட் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. எட்டுத் தறி ஓடும்போது நீங்கள் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது, தலையை மட்டும் ஆட்டுவார்.