பிள்ளை ஏன் தேறவில்லை? கேள்விகளும் பதில்களும்

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் 29 வருடம் அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சின்னக் குழந்தைகளின் நீண்டநாள் ஊட்டக்குறைவு பற்றி வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். மருந்து மட்டும் கேட்காதீர்கள், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அக்கா, என் மகளுக்கு இரண்டு வயது. ஒல்லியாக இல்லை, நன்றாக ஓடி விளையாடுகிறாள். அங்கன்வாடியில் 78 செ.மீ. என்று அளந்து, உயரம் குறைவு என்று எழுதிவிட்டார்கள். பயப்பட வேண்டுமா? (காரிமங்கலம்)

பயம் வேண்டாம்மா, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் நடுவாக 86 செ.மீ. இருக்கும், 80-க்குக் கீழே போனால் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று கணக்கு. முதலில் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். பலகையில் படுக்கவைத்து ஒருவர் தலையை நேராகப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை அழுத்திப் பாதத்தை நிமிர்த்த வேண்டும், உச்சிக் குடுமியை அவிழ்க்க வேண்டும். நான் மறுபடி அளந்த ஒரு பிள்ளை இரண்டரை செ.மீ. கூடியிருக்கிறது. அழுதுகொண்டு காலை மடக்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மறுபடியும் 78 என்றால், ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உடம்பு வற்றுவது வேறு, உயரம் நின்றுபோவது வேறு. பேதி, காய்ச்சல் வந்தால் சில வாரத்திலேயே பிள்ளை வற்றிவிடும், பார்த்ததும் தெரியும். உயரம் நிற்பது பல மாதமாக, பல நேரம் வயிற்றில் இருந்தபோதே தொடங்குவது. தெருவில் பாதிப் பிள்ளைகள் அதே உயரம் என்றால் யார் கண்ணுக்கும் படாது.

எங்கள் வம்சமே குட்டை, மேடம். அதுதான் காரணமாக இருக்குமோ? (ஓசூர்)

ஐந்து வயதுக்குள் வம்சத்தின் பங்கு சிறியது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டவை, நம் டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. சரியாகத் தாய்ப்பாலும் சாப்பாடும் கிடைத்த பிள்ளைகள் எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். உங்கள் அம்மாவும் சின்ன வயதில் வளராமல் நின்றவராக இருக்கலாம். அது ரத்தத்தில் வந்ததில்லை, தட்டில் இருந்து வந்தது.

ரேஷன் அரிசி வருகிறது, வீட்டில் யாரும் பட்டினி இல்லை. அப்புறம் எப்படி ஊட்டக்குறைவு? (மொரப்பூர்)

இந்த ஒரு கேள்விக்காகவே உட்கார்ந்தேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் 25 சதவீதம், இந்தியா முழுக்க 35.5. இத்தனை வீட்டிலும் அரிசி இல்லாமலா போயிற்று?

தாயிடம் இருந்து தொடங்குங்கள். பதினாறு, பதினேழு வயதில் கட்டிக்கொடுத்த பெண், அவளே இன்னும் வளர்கிற வயது. ரத்தசோகை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியது அவளுக்கு. மாசமானதும், "நிறைய தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டம்" என்று இருப்பதையும் குறைப்பார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிற பிள்ளை பிறக்கும்போதே பின்தங்கித்தான் வருகிறது.

அடுத்தது ஆறு மாதம். அதுவரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு சாப்பாடு சேர வேண்டும். இங்கேதான் அதிகம் சறுக்குகிறோம். ஆறேழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவுதான் பிடிக்கும். அதில் ஒரு ஸ்பூன் மாவு கரைத்த தண்ணீர்க் கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், கிடைப்பது 35 கலோரிதான். தாய்ப்பால் போக ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 200 கலோரி சாப்பாட்டில் வர வேண்டும், ஒரு வயது தாண்டினால் 550. வயிறு நிறைந்து தூங்குகிறது என்று அம்மா நினைக்கிறாள், உடம்பு பட்டினி கிடக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, அதுதான் பதம். பருப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், அரை முட்டை சேருங்கள்.

மூன்றாவது குடல். அடிக்கடி பேதி, கோழியும் ஆடும் நடமாடுகிற வாசலில் தவழ்ந்து கையை வாயில் வைப்பது. பேதி இல்லாத நாளிலும் குடலின் உட்சுவர் புண்பட்டே இருக்கும், தின்றது ஒட்டாது. ஆப்பிரிக்காவில் காம்பியாவில் 1991-லேயே இதைக் குழந்தைகளிடம் அளந்து காட்டினார்கள். அதனால் கழிப்பறை கட்டி, கை கழுவச் சொன்னால் போதும் என்று நம்பினோம். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில் பெரிய அளவில் செய்து பார்த்து 2018-19-இல் முடிவு வந்தது: அந்த மாதிரிச் சின்ன ஏற்பாடுகளால் உயரம் கூடவில்லை, சத்துணவு கொடுத்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடியது. அந்த முடிவைப் படித்த அன்று எனக்கு மனசு விட்டுப்போனது. ஆனால் சுத்தம் வீண் என்று அதற்கு அர்த்தமில்லை. ஊரே சுத்தமாகாமல் ஒரு வீட்டில் சோப்பு வைத்துப் பயனில்லை என்றுதான் அர்த்தம்.

டப்பா சத்துப் பவுடர் எது நல்லது? (மத்தூர்)

எதுவும் தேவையில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

என் பையன் காலையில் டீயில் பிஸ்கட் தோய்த்துத் தின்றால்தான் அடங்குகிறான், ஒன்றரை வயது. (பாப்பாரப்பட்டி)

நிறுத்துங்கள். இந்த மாவட்டத்தில் நான் போன பாதி வீட்டில் இதுதான் காலைச் சாப்பாடு. டீ, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பிஸ்கட்டில் சர்க்கரையும் மைதாவும்தான், பசியை மட்டும் கெடுக்கும். ஒரு வாரம் அழுவான், அப்புறம் இட்லி தின்பான்.

எங்கள் தாத்தா காலத்தில் ராகிக் களியும் கூழும்தான். எல்லாரும் திடமாக இருந்தார்கள். ரேஷன் அரிசி வந்துதான் கெட்டது. இதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? (கிருஷ்ணகிரி)

ராகியை நான் குறை சொல்லவில்லை, தம்பி. நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவு சுண்ணாம்புச்சத்து, அரிசி பக்கத்தில் நிற்க முடியாது. 2023-இல் தர்மபுரியில் ரேஷன் கடையிலேயே ராகி கொடுக்கத் தொடங்கியபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்.

அப்படியென்றால் களியே போதும் என்று ஒத்துக்கொள்ளுங்கள். (அதே நண்பர்)

போதாது. ராகியில் புரதம் நூறுக்கு ஏழு கிராம்தான், அதிலும் பருப்பு வகையில் இருக்கிற சில சத்துகள் குறைவு. பெரியவர்கள் களியோடு அவரைக்குழம்பு, கீரை, கருவாடு தின்றார்கள். குழந்தைக்குக் கூழ்த்தண்ணீர் மட்டும்தான் ஊற்றினார்கள்.

தாத்தா 90 வயது வரை ஏர் ஓட்டினாரே? (அதே நண்பர்)

உங்கள் தாத்தா பிழைத்தவர், அதனால்தான் அவர் கதை நமக்குத் தெரிகிறது. அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் ஐந்து வயது தாண்டினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதற்கெல்லாம் பிறகு, 1971-லேயே இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். என் பாட்டி ஒன்பது பெற்று நான்கை வளர்த்தவள், அவள் வீட்டிலும் தினம் களிதான்.

ராகியைக் குழந்தைக்குப் பயன்படுகிற மாதிரிச் செய்ய நம் பாட்டிமாருக்கே வழி தெரியும்: முளைகட்டுங்கள். ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, வெள்ளை முளை எட்டிப்பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரையுங்கள். சாதா மாவை அதிகம் போட்டால் கூழ் இறுகிவிடும், குழந்தை விழுங்காது. முளைகட்டிய மாவில் கூழ் இளகும், அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போகும். வறுத்த கடலையை நைசாகப் பொடித்துச் சேருங்கள், முழுக் கடலை தொண்டையில் சிக்கும். களிக்கும் அரிசிக்கும் சண்டை இதோடு போதும், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு. அதனால் வளர்ச்சி குறையுமா? (பென்னாகரம்)

பல்லும் எலும்பும் கெடும், அது உறுதி. உயரம் நிற்பதற்கு முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே பிடியுங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.

பவுடரில் எந்த பிராண்டு என்று சொல்லவே இல்லையே? (ஊத்தங்கரை)

மேலே படியுங்கள். முட்டை.

மகளும் மருமகனும் பெங்களூரில் கட்டட வேலை. பத்து மாதப் பேரன் என்னிடம். மகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாள், பால் வற்றிவிட்டது. என்ன கொடுப்பது? (அஞ்செட்டி, பாட்டி சொல்ல அண்டை வீட்டுப் பெண் எழுதியது)

அம்மா, உங்கள் மாதிரி வீடுகளை மலைப்பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன், நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. நான்கு வேளை கெட்டியாகக் கொடுங்கள்: பருப்பு மசித்த சோறு, முளைகட்டிய ராகிக் கூழ், வேகவைத்த முட்டை, பப்பாளி. காய்ச்சின பாலை டம்ளரில் கொடுங்கள், பாட்டில் வேண்டாம். பேதியானால் உப்புச்சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரை, செவிலியரிடம் கேட்டால் தருவார்கள். பேதி நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அங்கன்வாடியில் பெயர் எழுதி சத்துமாவு வாங்குங்கள், அதை வீட்டில் எல்லோருக்கும் பங்கிடாதீர்கள்.

மகள் அடுத்த முறை வரும்போது அவளையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் எடை, உயரம் பாருங்கள். பேரனைக் கூட வைத்துக்கொள்ள அங்கே இடம் உண்டா, வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் அங்கன்வாடி இருக்கிறதா என்று அவளை விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் வளர்ச்சி அட்டையையும் அவள் பையில் வைத்து அனுப்புங்கள்.