ஈடிபஸ் வீழ்ந்தது விதியாலா, அகந்தையாலா?

பழங்கால கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் நாடகத்தில் இதற்கு தீப்ஸ் நகரின் அரசன் ஈடிபஸே பதில் சொல்கிறான். கண்களைக் குத்திக்கொண்ட பிறகு, ‘இந்தத் துன்பத்தைத் தந்தது அப்பல்லோ தெய்வம், ஆனால் குத்திய கை என்னுடையது’ என்கிறான். இரண்டும்தான்.

தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற அப்பல்லோவின் குறிவாக்குக்கு அவன் பொறுப்பில்லை. அதிலிருந்து தப்பத்தான், தன்னை வளர்த்தவர்களையே பெற்றோர் என்று நம்பி, அவர்கள் இருந்த கொரிந்த் பக்கமே திரும்பாமல் ஓடினான். ஆனால் மூன்று பாதைகள் கூடும் இடத்தில், தேரில் வந்த கிழவர் தலையில் அடித்ததும் ஆத்திரத்தில் அவரை அடித்தே கொன்றானே, அந்தக் கோபம் அவனுடையது. அவர்தான் அவனைப் பெற்ற அப்பா, தீப்ஸின் அப்போதைய அரசன் லாயஸ்.

நாடகம் தொடங்கும்போது இதெல்லாம் பழைய கதை. விதி தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது. மேடையில் நாம் பார்ப்பது அவன் உண்மையைத் தோண்டுவதைத்தான். பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸ் உண்மையைச் சொன்னால், மைத்துனன் கிரியோனோடு சேர்ந்து செய்யும் சதி என்று பாய்கிறான். சரி, இது அகந்தை.

அப்புறம் மனைவி யோகாஸ்டா (அவள்தான் அவனைப் பெற்ற தாயும்) ‘விட்டுவிடு’ என்று கெஞ்சியும் நிற்காமல், தன் பிறப்பு ரகசியம் தெரிந்த கிழட்டு இடையனை மிரட்டி மிச்சத்தையும் கேட்கிறான். அதை வெறும் அகந்தை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தீப்ஸ் நகரம் கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருக்கிறது. அது தீர, லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடிப்பதாக அவன் மக்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான்.