பி.டி. மாஸ்டரிடம் கேளுங்கள்: போட்டி, பரிசு, சான்றிதழ்

வடசென்னையில் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பி.டி. மாஸ்டருக்கு விளையாட்டு மட்டும்தான் வேலை என்று நினைக்காதீர்கள். ஆண்டு விழா, சாரணர் முகாம், பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளை பஸ் ஏற்றிக் கூட்டிப் போவது எல்லாம் எங்கள் தலையில்தான் விழும். பள்ளிப் போட்டிகள் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

மகன் ஒன்பதாவது படிக்கிறான். கராத்தே, யோகா, ஸ்கேட்டிங் என்று ஒரு ஃபைல் நிறையச் சான்றிதழ். 'சர்வதேச அளவில் முதலிடம்' என்றுகூட ஒன்று இருக்கிறது. பொறியியல் சேர்க்கைக்கு உதவுமா? (ஒரு அப்பா, அண்ணா நகர்)

சார், சான்றிதழைக் கையில் எடுத்ததும் தங்க நிற ஓரத்தையும் கோப்பைப் படத்தையும் விட்டுவிடுங்கள். மூன்று இடத்தை மட்டும் பாருங்கள். மேலே, நடத்தியது யார்? நடுவில், 'பங்கேற்றார்' என்று இருக்கிறதா, இன்ன இடம் பிடித்தார் என்று இருக்கிறதா? கீழே, கையெழுத்துப் போட்டவர் யார், என்ன பொறுப்பில் இருக்கிறார்? கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, பக்கத்து நாட்டிலிருந்து நாலு பேரை வரவழைத்து 'இன்டர்நேஷனல்' என்று பேனர் கட்டுகிற போட்டிகள் இந்த ஊரில் ஏராளம். பிள்ளைக்கு மேடை பயம் போகும், அந்த மட்டில் நல்லது. சேர்க்கையில் அது செல்லாது.

செல்லுபடியாகும் வழி இரண்டு. ஒன்று பள்ளி வழி: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. எஸ்.ஜி.எஃப்.ஐ. என்று சொல்வது இதைத்தான். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். நம் மாநிலத்தில் தடகளம் குடியரசு தினப் போட்டி என்ற பெயரிலும், குழு விளையாட்டுகள் பாரதியார் தினப் போட்டி என்ற பெயரிலும் நடக்கும். இன்னொன்று சங்க வழி: மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், அங்கீகாரம் பெற்ற தேசிய சம்மேளனம். சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் எல்லாம் சங்கம் ஆகிவிட மாட்டார்கள். அகாடமியில் பணம் கட்டுவதற்கு முன் அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், எம்.பி.பி.எஸ்.ஸில் 7. பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே இவர்களுக்கான கலந்தாய்வு முடிந்துவிடும். சான்றிதழ் மட்டும் நீட்டினால் போதாது. சர்வதேசப் போட்டி, தேசியப் போட்டி, பள்ளி விளையாட்டு என்று தனித்தனிப் படிவம் உண்டு. போட்டி நடத்திய அமைப்பின் பொறுப்பாளர் அதில் கையெழுத்திட வேண்டும். மே மாதம் அந்தக் கையெழுத்துக்காக நேரு ஸ்டேடியத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற அப்பாக்களை வருஷா வருஷம் பார்க்கலாம். செயலாளர் டில்லி போயிருப்பார். பதக்கம் கிடைத்த மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.

கேட்டீர்களே என்று இன்னொன்றும் சொல்கிறேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2024 முதல் விளையாட்டுக்கும், 2025 முதல் கலைகளுக்கும் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக 2 இடம் வைத்திருக்கிறது. அதில் ஒன்று பெண்களுக்கு. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயர் வந்திருக்க வேண்டும். பந்தையும் விட முடியாது, புத்தகத்தையும் விட முடியாது.

பத்தாவது வந்துவிட்டான். ஃபுட்பாலை நிறுத்தச் சொல்லட்டுமா? (ஒரு அம்மா, வியாசர்பாடி)

ஃபுட்பாலுக்குப் பேர்போன வியாசர்பாடியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா அம்மா! நிறுத்த வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம் ஆடட்டும். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் வெளியூர்ப் போட்டிகளை மட்டும் தவிர்க்கலாம். ஆட்டத்தை நிறுத்திய பையன்கள் அந்த ஒரு மணி நேரத்தில் கணக்குப் போட்டதை நான் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் செல்போனோடுதான் இருப்பார்கள். பள்ளியிலும் பத்தாம் வகுப்பு என்றால் முதலில் பறிபோவது பி.டி. பீரியடுதான். கணக்கு டீச்சர் கதவருகில் வந்து "சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்பார். அந்த ஒரு நாள் மார்ச் வரை ஓடும்.

பள்ளியிலேயே பணம் கட்டி 'ஒலிம்பியாட்' எழுதுகிறாள். மூன்று தங்கப் பதக்கம் வந்திருக்கிறது. குலுக்கல் மாதிரி எல்லாருக்கும் கொடுக்கிறார்களோ என்று சந்தேகம். (ஒரு அம்மா, ஆதம்பாக்கம்)

உங்கள் சந்தேகம் பாதி சரி. வகுப்புக்கு வகுப்பு முதலிடம் என்று பதக்கம் தருகிற தனியார் தேர்வுகள் அவை. வினாத்தாள் மோசமில்லை, பயிற்சியாக எழுதலாம். உலக ஒலிம்பியாட்டுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் பாதை வேறு. மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம்தான் அதற்குப் பொறுப்பு. கணிதத்துக்கு முதல் படி ஐ.ஓ.க்யூ.எம். தேர்வு. இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் என்றால் இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் பெரும்பாலும் நவம்பரில் நடத்தும் தேர்வுகள். பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு ஜூனியர் சயன்ஸ் என்று தனியாக ஒன்று. அடுத்த நிலை, பயிற்சி முகாம் எல்லாம் தாண்டி, உலகப் போட்டிக்குக் கணிதத்தில் 6 பேர், இயற்பியலில் 5 பேர், வேதியியலில் 4 பேர்தான் போவார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் பலன் உண்டு. கணிதத்தில் தேசிய நிலை வரை தேறியவர்களைச் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் நுழைவுத் தேர்வு இல்லாமலே சேர்த்துக்கொள்வதுண்டு.

பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒன்றை எடுத்து ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் வையுங்கள். ஒரே கணக்கோடு அரை நாள் மல்லுக்கட்டினால் பொருத்தமான பிள்ளை. பத்து நிமிஷத்தில் 'இது சிலபஸ்ல இல்ல' என்று எழுந்துவிட்டால், போகட்டும், விடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கும் மகளுக்கு ஓவியமும் ஆட்டமும் உயிர். தனியார் வகுப்புக்குக் கட்ட வசதியில்லை. (ஒரு அம்மா, கண்ணகி நகர்)

வசதி இல்லாதது இப்போது முன்னைப் போல் பெரிய தடை இல்லை. பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிகளுக்காக 2022-ல் தொடங்கிய கலைத் திருவிழா இருக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும். மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். தேர்வானவர்களை வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கும் அழைத்துப் போயிருக்கிறார்கள். பரதம் மட்டும்தான் மேடை ஏறும் என்று நினைக்காதீர்கள். பறை, களிமண் பொம்மை, கிராமிய நடனம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பெயர் கொடுக்கும் தேதியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், வகுப்பாசிரியரை விடாமல் கேளுங்கள். அப்புறம், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம். 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பாட்டு, ஓவியம், நடனம் சொல்லித் தருகிறார்கள்.

நான் பதினொன்றாம் வகுப்பு. பேச்சுப் போட்டியில் எப்போதும் ஆறுதல் பரிசுதான். மனப்பாடமாகத்தான் பேசுகிறேன், மறப்பதும் இல்லை. (ஒரு மாணவர், ராயபுரம்)

தம்பி, மறக்காததுதான் சிக்கலே. நடுவர் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் அவையோருக்கு, நடுவருக்கு, ஆசிரியருக்கு, சக மாணவருக்கு என்று தனித்தனியாக வணக்கம் வைத்து, இரண்டு வரி மரபுக் கவிதை சொல்லி, ஒரு குறளையும் சொல்லி முடிப்பதற்குள் முக்கால் நிமிஷம் போய்விடும். நாலாவது பையன் அதே குறளை ஆரம்பிக்கும்போது நடுவர் பேனாவை மூடியே வைத்துவிடுவார். ஒரே ஒரு வணக்கம் சொல். நேராக ஒரு சம்பவத்தில் இறங்கு. தலைப்பு குடிநீர் என்றால், உங்கள் தெருவில் லாரி வந்து நிற்கும்போது குடங்கள் எந்த வரிசையில் இருக்கும், யார் யாரைத் திட்டுவார்கள் என்று சொல். ராயபுரத்துப் பையனால் மட்டும் சொல்ல முடிந்த பேச்சு அது. குறளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ழகர, ளகரத்துக்கு மதிப்பெண் போகும், அதனால் தினமும் நாளிதழ்த் தலையங்கம் ஒன்றை வாய்விட்டுப் படி. எச்சரிக்கை மணி அடித்ததும் வேகம் கூட்டாதே, மீதியை வெட்டு. தமிழ் வளர்ச்சித் துறை 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு மாவட்ட அளவில் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. பரிசு 10,000, 7,000, 5,000 ரூபாய். நீ இப்போது சரியான வகுப்பில் இருக்கிறாய்.

என்.சி.சி.யால் என்ன பயன்? வெயிலில் நின்று கறுத்துப்போனதுதான் மிச்சம் என்கிறாள் பாட்டி. (ஒரு மாணவி, அயனாவரம்)

பாட்டி சொல்வது உண்மைதான், மறுக்க முடியாது! பள்ளியில் இரண்டு ஆண்டு முடித்தால் 'ஏ' சான்றிதழ் தேர்வு எழுதலாம். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வில் அதற்கு இடம் உண்டு. கல்லூரியில் தொடர்ந்து 'சி' வரை போனால், ராணுவ அதிகாரி தேர்வுக்கு எழுத்துத் தேர்வு இல்லாத தனி நுழைவு வழி ஒன்று திறக்கும். முகாமுக்கு ஒரு முறை போய்விட்டு வந்து பாட்டியிடம் கதை சொல்லு, அவரே அடுத்த முறை முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்புவார்.

பையனுக்குச் செஸ் நன்றாக வருகிறது. குகேஷ் போலப் பள்ளியை நிறுத்திவிட்டு முழு நேரமும் ஆடவிடலாமா? (ஒரு அப்பா, முகப்பேர்)

இந்த ஒரு கேள்வி மட்டும் பலரிடமிருந்து வந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும் வரத்தானே செய்யும். அவர் நாலாம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை, உண்மை. கூடவே இதையும் சேர்த்துப் பாருங்கள்: அப்பா மருத்துவத் தொழிலையே ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார், வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. பையன் 12 வயது முடிந்து ஏழு மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டான். அவர்கள் பள்ளியை விட்டது ஆசையை நம்பி அல்ல, வந்துகொண்டிருந்த முடிவுகளைப் பார்த்து. இதே சென்னையில் விஸ்வநாதன் ஆனந்த் லயோலா கல்லூரியில் வணிகவியல் பட்டமும் வாங்கினார், உலக சாம்பியனும் ஆனார்.

உங்கள் பையன் அவன் வயதுப் பிரிவில் மாநில அணிக்குத் தேர்வாகி, தேசியப் போட்டியில் முன்வரிசையில் நிற்கிறானா? பயிற்சியாளர் தானாக, நீங்கள் கேட்காமலே, 'பள்ளி நேரத்தைக் குறைக்கலாம்' என்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் தலைமை ஆசிரியரிடம் வருகைச் சலுகை பற்றிப் பேசுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

மாநிலப் போட்டிக்கு அனுப்பப் பள்ளி மறுக்கிறது. வருகைப் பதிவு குறையும் என்கிறார்கள். (ஒரு அம்மா, போரூர்)

வாய்வார்த்தையாகக் கேட்டால் மறுப்பது சுலபம். தேர்வுக் கடிதத்தின் நகலோடு, எந்தெந்த நாள் என்று குறிப்பிட்டு, 'ஆன் டியூட்டி' கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பாவது கொடுக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால், தேசிய, சர்வதேசப் போட்டியும் வாரியத் தேர்வும் ஒரே நாளில் மோதும்போது வேறு நாளில் தேர்வு எழுத வாரியத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. அதைப் பள்ளிதான் முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டும்.

மகள் சிலம்பம் ஆடுகிறாள். வெளியூர் அனுப்பப் பயமாக இருக்கிறது. (ஒரு அப்பா, திருவொற்றியூர்)

பயப்படுவதில் தப்பில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். உடன் வரும் ஆசிரியை யார்? தங்குமிடம் எது? பெரும்பாலும் போட்டி நடக்கும் ஊரின் பள்ளி வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதுவரை கேட்கலாம். பெண்களோடு பெண் ஆசிரியை வராமல் ஓர் அணி கிளம்புகிறது என்றால் அனுப்பாதீர்கள். மற்றபடி சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் நம் ஊரிலும் திருச்சி, மதுரை, கோவையிலும் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு நடந்தபோது அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அந்த முறை 38 தங்கத்தோடு தமிழ்நாடு மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது.

தங்கை அரசுப் பள்ளியில் எட்டாவது. விளையாட்டு வராது, படிப்பு வரும். (ஒரு அண்ணன், புளியந்தோப்பு)

எட்டாவதிலேயே தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை எழுதச் சொல்லுங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். பதினொன்றாவதில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு வரும். 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500 ரூபாய். அதற்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தான் பாடத்திட்டம்.

என் பையனுக்கு எதிலுமே ஆர்வம் இல்லை. (ஒரு அம்மா, குரோம்பேட்டை)

எத்தனை வகுப்பில் சேர்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு விடுமுறை சும்மா விடுங்கள்.

சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால். சிக்கல் வருமா? (ஒரு மாணவர், பெரம்பூர்)

வரலாம். பிறந்த தேதியும் அப்பா பெயரும் ஒத்துப்போனால் பள்ளியில் ஒரு சான்று வாங்கிச் சமாளிக்கலாம். எழுத்துக்கூட்டலே வேறு என்றால் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி வரப்போகிறதோ, அதே எழுத்துக்கூட்டலை எல்லாப் போட்டி விண்ணப்பத்திலும் நீயே எழுதிக் கொடு. அவசரத்தில் மாஸ்டர் எழுதினால் இனிஷியலைத்தான் முதலில் விடுவார்.